அன்றைக்கு நான் லீவு போடப் போவதில்லை

செந்தில்,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் காலையில்தான் போனில் பேசினாய், நன்றாகத்தான் இருந்தாய். என் பக்கம் முழங்கால் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, இரண்டும் வலிக்கின்றன, வேறு விசேஷம் இல்லை. இனி எழுதப்போவதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று குறுக்கே வந்து அதை முடித்துவைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. வாயை மூடிக்கொண்டுதான் படித்தாக வேண்டும்.

நீ சொன்னது இவ்வளவுதான். மாசி மாதம் உன் கம்பெனி மறுபடியும் ஒரு வேன் நிறைய வெளிநாட்டுக்காரர்களை விருத்தாசலத்துக்கு அழைத்துவருகிறது. மார்கழியில் வந்தவர்களுக்குக் கோயில்களைவிட நான் வேலை பார்க்கிற பீங்கான் பட்டறைதான் பிடித்துப்போனதாம். இந்த முறை நீ கட்டிக்கொள்ளப்போகிற நித்யாவும் வருகிறாள். யாரும் எட்டிப்பார்க்காத ஊர்களைப் பற்றி உங்கள் கம்பெனி போடுகிற புத்தகத்தில் நம் ஊரைப் பற்றி அவள்தான் எழுதப்போகிறாள். இதையெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்து, போனை வைக்கப்போகிற நேரத்தில், "அம்மா, அன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டுட்டு வூட்டுல இரேன். சாயங்காலம் நித்யாவ அழைச்சிட்டு வரேன். நீ வூட்டுல இருந்தா நல்லா இருக்கும்" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். நம் வீட்டில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். உங்கப்பா அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே தன் தங்கை வீட்டு விசேஷம் பாதிக்குப் போகாமல் காலத்தை ஓட்டினார்.

நித்யா வீட்டுக்கு வருவதற்காக நான் லீவு போட வேண்டும் என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. நீயும் நம்பவில்லை, உன் குரலிலேயே தெரிந்தது. அவள் சாயங்காலம்தானே வருகிறாள்? நான் சாயங்காலம் வீட்டில்தானே இருக்கப்போகிறேன்? பகலில் அவள் பட்டறைக்குள் வரும்போது நான் அங்கே இருக்கக் கூடாது. அதுதான் விஷயம். அதை வாய்விட்டுச் சொல்ல உனக்குக் கூச்சம், கேட்க எனக்கு அலுப்பு. இரண்டு பேருமாகச் சேர்ந்து மார்கழியில் ஒரு முறை அதை மென்று முழுங்கிவிட்டோம். இன்னொரு முறை முழுங்க என் தொண்டையில் இடமில்லை.

சின்ன வயதிலிருந்தே நீ போகிற ஊரெல்லாம் ஊர் உலகம் போகாத ஊர். அது உங்கப்பா கொடுத்த கோளாறு. ரயில்வேயில் கேங்மேன் வேலை என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போய்வர பாஸ் உண்டு. காலனியில் எல்லோர் வீட்டு ஹாலிலும் தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த போட்டோ தொங்கும். நம் வீட்டில் காலண்டர்தான் தொங்கியது. "பாஸ கையில வச்சிக்கிட்டு இந்தாளு குடும்பத்த எங்க கூட்டிக்கிட்டுப் போறாரோ" என்று சிரித்தார்கள். உங்கப்பாவோ தாஜ்மகாலில் கூட்டம் என்று சொல்லிவிட்டு, பெயர்ப் பலகையும் வேப்பமரமும் தவிர ஒன்றுமில்லாத ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நம்மை இறக்கிவிடுவார். அந்த ஊர்க் கேங்மேன் வீட்டில் சோறு, அவர்கள் ஊர் ஏரிக்கரையில் குளியல், மறுநாள் அடுத்த வண்டி. எனக்கு எரிச்சலாக வரும். நீ மட்டும் கால்சட்டைப் பை நிறைய ஜல்லி பொறுக்கிக்கொண்டு குதிப்பாய்.

ராமேஸ்வரம் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீ இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் தீர்த்தம் ஆடப் போனார்கள். உங்கப்பாவோ தனுஷ்கோடியைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். புயல் அடித்துக்கொண்டுபோன பிறகு தண்டவாளம் எப்படிக் கிடக்கிறது என்று ஒரு ரயில்வேக்காரன் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பது என்று கேட்டார். வெயில், கால் புதைகிற மணல், நடந்தோம் நடந்தோம், பாதி வழியில் நீ தண்ணீர் கேட்டு அழ ஆரம்பித்தாய். கொண்டுபோனது தீர்ந்துவிட்டது. சுற்றிலும் கடல்தான், குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஒரு கீற்றுக் குடிசை தெரிந்தது. வாசலில் ஒரு அம்மா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கேட்டிருப்பேன். உங்கப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனார். "நாங்க விருத்தாசலம்ங்க. நான் ரயில்வேல கேங்மேனா இருக்குறேன். இது எம்பொஞ்சாதி, பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போவுது. இது எம்புள்ள. புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்ங்க" என்றார். அந்த அம்மா எழுந்து, கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்டினார்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில், தோண்டிய குழியில் தண்ணீர் ஊறி வந்தது. அதை மொண்டு குடித்துவிட்டு நீ "இனிக்குதும்மா" என்றாய்.

திரும்பி வரும்போது நீதான் கேட்டாய், தண்ணி கேக்கறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு கதை சொன்ன என்று. "அவங்க வூட்டு வாசல்ல போயி நிக்கறோம். யாருன்னு சொல்லாம எப்புடிடா நிக்கறது?" என்றார். அவருக்கு அது பெரிய தத்துவம் இல்லை. பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார், பற்றவைத்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் கால் கொப்புளம்தான். பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறது என்று ஒரு முன்பின் தெரியாத அம்மாவிடம் அவர் பெருமையாகச் சொன்னது, இப்போதுதான் இந்த மார்கழிக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்து தொல்லை கொடுக்கிறது.

நீ வளர்ந்து இந்த வேலையில் சேர்ந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. கம்போடியாவில் ஏரி மேலேயே மிதக்கிற ஊர், அங்கே பள்ளிக்கூடமும் மிதக்கிறது என்று போன் பண்ணினாய். ஜப்பானில் ஒரு பீங்கான் ஊரில், பழைய மண்குழாய்களையும் ஜாடிகளையும் அடுக்கியே சந்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள் என்று போட்டோ கொண்டுவந்து காட்டினாய். அதை நான் பட்டறைக்கு எடுத்துப்போய் எல்லோருக்கும் காட்டினேன், உனக்குச் சொல்லவில்லை. தென்னமெரிக்காவில் உப்பு வெளிக்கு நடுவே ரயில் எஞ்சின்கள் துருப்பிடித்து வரிசையாகக் கிடக்கின்றன என்று உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் ஒரு படம் இருந்ததே, அதைப் பார்த்தபோது உங்கப்பா போய்ச் சேர்ந்ததற்காக நான் மறுபடியும் அழுதேன். அவர் இருந்திருந்தால் பாஸ் அங்கே செல்லுமா என்று கேட்டிருப்பார்.

இப்படி உலகமெல்லாம் சுற்றியவன், ஐப்பசியில் நித்யாவைப் பெண் பார்க்க என்னை அவள் வீட்டுக்கு அழைத்துப்போகிற வழியில், ஆட்டோவில், "அம்மா, நீ வேலைக்குப் போறத அவங்க கிட்ட சொல்லல. வூட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றாய். சரி, கல்யாணம் கூடி வருகிற நேரம், சம்பந்தி வீடு பெரிய இடம் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் வீட்டு சோபாவில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காபி வாங்கக் கையை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்தப் பெண் பார்த்துவிட்டது. "கை ஏன் ஆன்ட்டி இப்படி வெடிச்சிருக்கு?" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டே கேட்டது. சோப்பு ஒத்துக்கலம்மா என்றேன். அடுத்த முறை நீ ஊருக்கு வந்தபோது, நித்யா குடுத்தா என்று ஒரு கிரீம் டப்பாவை நீட்டினாய். பீங்கானுக்குப் பளபளப்பு ஏற்றுகிற கிளேசு கலவையில் நாளெல்லாம் ஊறுகிற கைக்கு அந்தக் கிரீம் என்ன செய்யும்? ஆனாலும் தினமும் படுக்கும்போது தடவிக்கொள்கிறேன். அவள் நல்ல பெண்ணடா. நல்ல பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு அவள் கொடுத்ததைப் பூசிக்கொள்வது ஒரு மாதிரி இருக்கிறது.

மார்கழியில் நடந்ததற்கு உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். நீ பொம்மைப் பட்டறைக்குத்தான் அவர்களை அழைத்துவந்தாய். கொலு பொம்மை, செட்டியார் பொம்மை, போட்டோ எடுக்க அதுதான் அழகு. அன்றைக்குப் பார்த்து அந்தத் தெருவில் கரண்டு இல்லை, பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். யாரோ உன் மேனேஜரிடம் எங்கள் பட்டறையைக் காட்டிவிட்டார்கள். வேன் வந்து நின்றது. யாரோ ஆர்டர் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தால், நீ இறங்குகிறாய். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஒரு நிமிஷம் எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. நீயும் என்னைப் பார்த்தாய். உன் வாய் திறந்தது. உடனே உன் கண், பக்கத்தில் நின்ற மேனேஜர் மேல் போய்த் திரும்பி வந்தது. அதற்குள் நான் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றுவிட்டேன்.

அன்றிலிருந்து இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நான் முந்திக்கொண்டேனா, நீ பிந்திக்கொண்டாயா? நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அம்மா என்று சொல்லியிருப்பாயோ என்னவோ. அது எனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் நான் சார் என்றதும் உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அது தெரிந்தது.

பட்டறையில் உன்னைத் தெரியாதவர்கள் யார்? பள்ளிக்கூடம் விட்டு என் ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நீ. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், மொத்தப் பட்டறையும் உன்னை சார் சார் என்றது. பக்கத்து ஸ்டூல் ஸ்டெல்லா மட்டும் கிளேசுத் தொட்டிக்குள் குனிந்துகொண்டாள்.

வந்தவர்களில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா இருந்தார்களே, கைத்தடி வைத்துக்கொண்டு. மற்றவர்கள் பொம்மை இல்லையா, கரண்டுக்கு மாட்டுகிற பியூஸ் கட்டை செய்கிற இடமா என்று கொஞ்சம் சப்பென்று நின்றபோது, அவர்கள் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்கள். இங்கிலாந்தில் ஒரு பீங்கான் ஊர்க்காரராம், கல்யாணத்துக்கு முன்னால் கோப்பை விளிம்பில் பூ வரைகிற வேலை பார்த்தார்களாம், அவங்க ஊருக்கும் சுத்திப்பாக்க யாரும் வர மாட்டாங்களாம் என்று நீதான் எடுத்துச் சொன்னாய். என் கையிலிருந்த கட்டையைக் கேட்டு வாங்கினார்கள். கிளேசில் முக்கினார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே ஈர ஸ்பாஞ்சைத் தேடி எடுத்து, அடியைத் துடைத்துவிட்டுச் சூளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். அடியில் கிளேசு இருந்தால் சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்படித் துடைப்பது இந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் கைவரும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எத்தனையோ நாள் கழித்து எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்தது.

அப்புறம் அவர்கள் உன்னிடம் என்னவோ கேட்டார்கள். நீ தொண்டையைச் செருமிக்கொண்டாய். "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க" என்றாய்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்னை ங்க போட்டுப் பேசியதில்லை, செந்தில். சோறு போடு, பஸ்ஸுக்குக் காசு குடு, நீ போ நீ வா என்று பேசியவன். அந்த மரியாதை எனக்கு வலித்தது. "ஒரு பையன் இருக்கான் சார். மெட்ராஸ்ல நல்ல வேலைல இருக்கான்" என்றேன். நீ அதை இங்கிலீஷில் சொன்னாய். நான் சொன்னதைவிட நீ சொன்னது நீளமாக இருந்தது. என்ன சேர்த்துச் சொன்னாய் என்று இதுவரை கேட்கவில்லை. அந்த அம்மா என் புறங்கையைத் தட்டிக்கொடுத்தார்கள். நீங்கள் வேனில் ஏறிச் சிதம்பரம் போய்விட்டீர்கள். சாயங்காலம் போன் பண்ணி "சாப்டியாம்மா?" என்று கேட்டாய். சாப்ட்டேன் என்றேன்.

வேன் போனதும் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா, பெத்த புள்ளைய எதுக்கு சார்ங்கற?"

"வேலையா வந்திருக்கான். வேலை எடத்துல அப்புடித்தான்."

"அப்ப என் தம்பி பேங்க்ல இருக்கான், நாளைக்கு நான் போனா வாங்க மேடம்னு சொல்லுவானா?" என்றாள். நான் குனிந்து வேலையைப் பார்த்தேன். பார்த்த லட்சணம் சூளை பிரித்த அன்றைக்குத் தெரிந்தது. அந்தத் தட்டில் நான் முக்கி வைத்தது ஒன்றுவிடாமல் தட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அடியைத் துடைக்கவே இல்லை நான். சுத்தியலால் தட்டியும் உடைந்துதான் வந்தது. "ஏம்மா, நேத்து சேந்த பொண்ணு கூட இப்புடிப் பண்ணாதே" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கத்தினார். நல்லபடியாகக் கையோடு வந்தது ஓரத்திலிருந்த ஒன்றே ஒன்றுதான், அந்த அம்மா முக்கியது. கேட்டு வாங்கி வந்து நம் வீட்டு மீட்டர் பெட்டியில் மாட்டச் சொல்லிவிட்டேன். உன் ரூமில் லைட் இப்போது அதில்தான் எரிகிறது.

வேலையை விடு, விடு என்று வருஷக்கணக்காகச் சொல்கிறாய். பொய் சொல்வானேன், நானே விடுவதாகத்தான் இருந்தேன். உங்கப்பா பென்ஷன் எனக்குப் போதும். தை முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் கூடச் சொல்லிவைத்திருந்தேன். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய மனமில்லை, எல்லாம் அலுத்துவிட்டது. காலையில் நீ போனை வைத்த பிறகு நேராகப் பட்டறைக்குப் போய், மாசி வரைக்கும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். களைத்துப்போய் வீட்டில் உட்கார்ந்தால் அது ஓய்வு. நீ ஒளிந்துகொள் என்று சொல்லி உட்கார்ந்தால் அதற்கு வேறு பேர்.

உன் மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நம்பாதே. ஆனால் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். நாளைக்குக் கல்யாணம் ஆகி அவள் இந்த வீட்டுக்கு வருவாள். என் கையைப் பார்ப்பாள், ஸ்டெல்லா வாயை நான் எத்தனை நாள் கட்டிவைக்க முடியும்? எப்படியும் தெரியத்தான் போகிறது. என்றைக்கோ ஒரு நாள் அடுத்தவர் சொல்லித் தெரிந்தால், அம்மா வேலை பார்த்தாள் என்பதா அவளுக்கு வலிக்கும்? நீ மறைத்தாய் என்பதுதான் வலிக்கும். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, இவன் இன்னும் என்னென்ன மறைத்திருக்கிறான் என்று யோசிப்பாள். நானும் உங்கப்பாவும் போடாத சண்டை கிடையாது. ஆனால் அவர் என்னை எவர் வாசலிலும் மறைத்து நிறுத்தியதில்லை.

ஆகவே அன்றைக்கு நான் லீவு போடப் போவதில்லை. ஜன்னல் ஓரத்து ஸ்டூலில், இதே புடவையில், இதே கையோடு உட்கார்ந்திருப்பேன். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் நித்யாவுக்கும் சேர்த்து எடுத்து வருவேன், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். வேனை வேறு பட்டறைக்குத் திருப்பிவிட உனக்கு வழி இருக்கிறது, தெரியும். திருப்பினால் நான் ரோட்டுக்கு ஓடிவந்து மறிக்க மாட்டேன். அந்தச் சோற்றை ஸ்டெல்லாவோடு பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, வீட்டிலேயே இருக்கிற அம்மாவாக உங்களுக்குக் காபி போட்டுத் தருவேன். அதற்கப்புறம் அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

ஆனால் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றால், நான் எழுந்திருக்க மாட்டேன், முந்திக்கொண்டு எதுவும் சொல்ல மாட்டேன். வந்தவர்களில் யாராவது ஒருத்தர் இந்த முறையும் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்பார்கள். வயதானவளைப் பார்த்தால் எந்த ஊர்க்காரரும் அதைத்தான் கேட்கிறார்கள். அதை எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்லிக்கொண்டு நிற்காதே. நீயே பதில் சொல்.

அம்மா